எண்ணிக்கை மட்டும் எழுதிய கல்

மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் லோயர் கேம்ப்பில் கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. அணை கட்டி முடிந்தது 1895-ஆம் வருஷத்தில். மண்டபம் திறக்கப்பட்டது 2013-ஆம் வருஷத்தில். இடையே கழிந்தவை 118 ஆண்டுகள். சர்க்கார்தான் இவ்வளவு காலம் தாமதித்தது, ஜனங்கள் தாமதிக்கவில்லை. அந்த நீரால் இருபோகம் விளையும் கிராமங்களில் அவர் படத்தைக் குலதெய்வத்தின் படத்தோடு சேர்த்து மாட்டியிருக்கும் வீடுகள் பல. பாலார்பட்டியில் தைப் பொங்கலன்று அவருக்கென்றே பானை ஏற்றுகிறார்கள். தேனி நகரத்துப் பஸ் நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நியராயினும் உபகாரம் செய்தவரை மறவாத இந்தச் சீமையின் பண்பை நாம் வணங்குகிறோம்.

ஆயினும் அந்த மண்டபத்தின் முன் நிற்கையில் ஒரு கேள்வி எழாமல் இராது. பென்னிகுவிக் படையைச் சேர்ந்த எஞ்சினீயர். அவர் தனியாளாக அணை கட்டவில்லை. காட்டை அழித்துக் கல்லைச் சுமந்து சுண்ணாம்பை இறைத்தவர்களுள் சென்னைப் பயனீர் பட்டாளத்தின் 1-வது, 4-வது அணிகளைச் சேர்ந்த சிப்பாய்களும் இருந்தனர். மலைச் சுரத்தாலும் பேதியாலும் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கினர். அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டனர். அவர்களுள் எவருக்கும் பொங்கல் பானை இல்லை. பெயர் தெரிந்தாலல்லவா பானை வைப்பதற்கு!

பட்டாளத்துக்காரனுக்குக் காலங்கடந்து வரும் மரியாதையைப் பற்றி எழுத நினைத்த நாம் அணையிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இந்த மரியாதை தாமதமாக வருவது ஒரு குறை. வரும்போது அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பது அதனினும் பெரிய விஷயம். பீரங்கிப் படையின் சரித்திரத்தில் இவ்விரண்டையும் தெளிவாகக் காணலாம்.

1999-ஆம் வருஷத்துக் கார்கில் யுத்தத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் 13-ந் தேதி தோலோலிங் சிகரமும், 20-ந் தேதி 5140 என்ற எண்ணால் மட்டும் அறியப்பட்ட சிகரமும் நம் வசமாயின. செங்குத்தான பாறைகளில் ஏறிச் சென்ற காலாட்படை வீரர்களின் தீரத்தைத் தேசமே கொண்டாடியது. அது முற்றும் நியாயமே. அவர்கள் ஏறுவதற்கு முன்பாகவும், ஏறிக்கொண்டிருக்கும்போதும், பகைவனைத் தலைதூக்கவொட்டாமல் அடித்தவை கீழே வரிசையாக நின்ற போபர்ஸ் பீரங்கிகள். அந்த யுத்தத்தில் நம் பீரங்கிப் படை பொழிந்த குண்டுகள் இரண்டரை லக்ஷத்துக்கும் அதிகம். அந்தச் சிகரத்துக்கு 'கன் ஹில்', அதாவது பீரங்கிக் குன்று என்று பெயரிட்டது 2022-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில். இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று, ஓர் எண்ணை அழித்துவிட்டு ஒரு பெயரை எழுதுவதற்கு!

தாமதத்துக்கு ஓரளவு காரணம் அத்தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. காலாட்படை வீரன் கோட்டையில் கொடி நாட்டுகிறான். அவனைப் படம் பிடிக்கலாம். பீரங்கிக்காரனோ தான் அடிக்கும் இலக்கைப் பெரும்பாலும் கண்ணால் காண்பதில்லை. எங்கோ முன்னணியில் ஒருவன் பார்த்துச் சொல்லும் தூரத்தையும் திசையையும் கணக்கிட்டுக் குண்டை ஏற்றுகிறான். அவனுக்குக் கொடியும் கிடையாது. பீரங்கியே அவன் கொடி. அதைப் பகைவனிடம் விட்டு வருவதே அவனுக்கு அவமானம். சுதந்திர இந்தியா ஜோஜி லா, ஹாஜி பீர், அசல் உத்தர் முதலிய களங்களின் பெயர்களைக் கௌரவப் பட்டங்களாகப் பீரங்கிப் படைப் பிரிவுகளுக்குச் சூட்டி இக்குறையைச் சிறிது நிவர்த்தி செய்திருக்கிறது. ஆனால் சுதந்திரத்துக்கு முந்திய கணக்கு ஒன்று இருக்கிறது.

1857-ஆம் வருஷத்துப் புரட்சியில் வெள்ளையர் கற்ற முதற்பாடம், இந்தியன் கையில் பீரங்கி இருத்தலாகாது என்பது. துப்பாக்கி கொடுக்கலாம், ஈட்டி கொடுக்கலாம், பீரங்கியை மட்டும் வெள்ளைச் சோல்ஜரே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லைப்புற மலைகளில் கோவேறு கழுதை மேல் ஏற்றிச் செல்லும் சிறு பீரங்கிகள் மாத்திரம் விலக்கு. முக்கால் நூற்றாண்டு இந்த விதியே நடந்தது. அந்த மலைப் பீரங்கிகளோடு 1915-ல் கலிப்போலிக்குச் சென்ற கோஹாட், ஜேக்கப் பாட்டரிகளின் இந்தியர், ஆஸ்திரேலியரோடும் நியூஜிலந்துக்காரரோடும் தோளுக்குத் தோள் நின்றனர். அந்த இரு நாடுகளும் ஏப்ரல் 25-ந் தேதியை இன்றும் புண்ணிய தினமாக அநுஷ்டிக்கின்றன. அன்று தங்கள் பக்கத்தில் பீரங்கி இழுத்த இந்தியனை அவர்களும் நெடுங்காலம் நினைக்கவில்லை, நாமும் நினைக்கவில்லை.

1935-ஆம் வருஷம் ஜனவரியில் பெங்களூரில்தான் இந்தியரைக் கொண்ட முதல் கள பீரங்கிப் பிரிவு திரட்டப்பட்டது. ஏழே வருஷம் கழிந்தது. இந்தியனுக்குப் பீரங்கிக் கணக்கு வருமா என்று சந்தேகித்தவர்களுக்கு விடை லிபியாவின் மணலில் கிடைத்தது.

1942-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி இரவு, ஜெர்மன் தளபதி ரோமெல் தன் டாங்கிப் படைகளைப் பிரிட்டிஷ் அணிவகுப்பின் தென்கோடியைச் சுற்றி வளைக்க ஏவினார். அக்கோடியில் பீர் ஹக்கீம் என்ற பாலைவனக் கோட்டத்தைச் சுதந்திரப் பிரெஞ்சுக்காரர் காத்து நின்றனர். அதற்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில், பூகோளப் படத்தில் 171 என்று குறித்த வெற்று மேட்டில், 3-வது இந்திய மோட்டார் பிரிகேட் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அதிலே மூன்று குதிரைப்படைப் பிரிவுகள், இப்போது குதிரையின்றி லாரியில். அவற்றோடு 2-வது இந்தியக் கள பீரங்கிப் பிரிவு. அகழிகளைச் செம்மைப்படுத்தக்கூட அவகாசமில்லை. 27-ந் தேதி காலையில் இத்தாலியரின் அரியெட்டே டாங்கிப் படை அவர்கள் மேல் வந்து பாய்ந்தது. நம் பீரங்கிக்காரர் 25 ராத்தல் குண்டு போடும் தம் பீரங்கிகளால் டாங்கிகளை நேருக்கு நேர் பார்த்துச் சுட்டனர். தூரத்து இலக்கை அடிப்பதற்கென்று செய்த பீரங்கியை, அருகே வந்துவிட்ட இரும்புச் சுவரின் மேல் திருப்பிச் சுடுவதென்றால், சுடுகிறவன் தன் உயிரைப் பற்றிய கணக்கை முன்பே முடித்துவிட்டான் என்று பொருள். பல டாங்கிகள் எரிந்தன. ஆயினும் எண்ணிக்கை வென்றது, மேடு பறிபோயிற்று. மாண்டாரும் காயமுற்றாரும் 400-க்கு மேல். சிறைப்பட்டோர் சுமார் 1,000. பிரிகேடோடு வந்திருந்த கிழவர் ஒருவர், எழுபது வயது கடந்த பிரிட்டிஷ் அட்மிரல் வால்டர் கோவன், கைத்துப்பாக்கியோடு டாங்கியை எதிர்த்துப் பிடிபட்டார் என்ற கதையை ஆங்கில நூல்கள் இன்றும் ரஸித்துச் சொல்லுகின்றன. சிப்பாய்களின் கதைகளை அவ்வாறு சொல்லுவாரில்லை.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. மேட்டைக் கடந்த அதே இத்தாலியர் அன்று காலையிலேயே பீர் ஹக்கீமைத் தாக்கினர்; பிரெஞ்சுக்காரர் அவர்களுடைய முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை ஒழித்துத் துரத்தினர். ஜூன் 10-ந் தேதி இரவுவரை அக்கோட்டத்தைப் பிடித்து நின்ற அவர்கள் புகழ் உலகெங்கும் பரவிற்று. பாரீஸ் நகரில் ஸீன் நதியின் மேல் ஒரு பாலத்துக்கும், அதன் அருகிலுள்ள ரெயில் நிலையத்துக்கும் பீர் ஹக்கீம் என்று பெயர் வைத்து, தினந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அப்பெயரை உச்சரிக்கும்படி செய்துவிட்டது பிரெஞ்சுச் சர்க்கார். வந்த படை முதலில் இந்தியப் பீரங்கிகளின் வாயில் புகுந்து அடிபட்டுத்தான் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது என்பதை அந்த ரெயிலில் போவோர் அறியார். பகைவர் பிடித்து, தண்ணீரின்றி மணலில் விட்டுவிட்ட சுமார் 600 இந்தியர் சில நாள் கழித்துப் பீர் ஹக்கீமுக்கே தள்ளாடி வந்து சேர்ந்தனர். முற்றுகையில் இருந்த பிரெஞ்சுக்காரர் தங்கள் தண்ணீரை அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். இது அவர்கள் பெருந்தன்மை. பாலத்துக்குப் பெயர் வைத்தவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் தம் மக்களை நினைத்தார்கள். நம் மக்களை நினைக்க வேண்டியவர்கள் நாம்.

அந்த மேட்டில் 7-வது பாட்டரிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்: சேலம் ஜில்லாவின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக 1926 முதல் 1930 வரை இருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர். அன்றைய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். சிறைப்பட்டுத் தப்பி மீண்டும் பிடிபட்டு ஜெர்மனியின் சிறைமுகாமில் அடைபட்டார். பின்னாளில், 1966 முதல் 1969 வரை, சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைவரானார். பீரங்கிப் படையிலிருந்து அப்பதவியை எய்தியவர்களில் இவரே முதல்வர். இவருடைய தம்பி மோகன் குமாரமங்கலமோ, 1941-ல் சென்னைச் சதி வழக்கில் அதே பிரிட்டிஷ் சர்க்காரால் கூண்டில் நிறுத்தப்பட்டவர். மூத்தவர் பிரிட்டிஷ் படையில் பீரங்கிக்குப் பின்னால். இளையவர் பிரிட்டிஷ் சிறையில் கம்பிக்குப் பின்னால்! அந்த வருஷங்களில் இந்தியா நின்ற நிலையை இந்த ஒரு வீடே காட்டுகிறது.

குமாரமங்கலம் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரல்லர். அவருக்கு விருது கிடைத்தது, பதவி கிடைத்தது, சரித்திரத்தில் இடமும் கிடைத்தது. நமது கவலை அவரைப் பற்றியதன்று. குண்டைத் தூக்கி அவர் பாட்டரியின் பீரங்கி வாயில் இட்டவனைப் பற்றியது. அவனைப் போன்றோர் தேனியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் இருந்து புறப்பட்டவர்கள். பீரங்கிப் படையிலும் சாப்பர் படையிலும், லாரி ஓட்டியாகவும், ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாகவும், பர்மாக் காட்டிலும் ஆப்பிரிக்க மணலிலும் உழைத்தவர்கள்.

இவர்களைப் படையில் சேர்த்த சர்க்காரின் புத்தியைச் சற்று ஆராய வேண்டும். தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கற்றவன் என்ற அபிப்பிராயத்தை, 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாக இருந்த ராபர்ட்ஸ் பரப்பினார். அதன் பயனாகச் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பெரியாற்று அணையில் உழைத்த பயனீர் பட்டாளமும் 1933-ல் ஒழிந்தது. எஞ்சியது சாப்பர் படை ஒன்றே. சண்டைக்கு ஆகாதவன் என்று தமிழனை ஒரு கையால் எழுதிய அதே சர்க்கார், மதுரை ஜில்லாவின் பிறமலைக் கள்ளர் சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று மறு கையால் எழுதிற்று. கைரேகை வாங்கிற்று. இரவில் வீட்டை விட்டுப் போக ராதாரிச் சீட்டு கேட்டது. 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றது. பக்கத்து ஊருக்குப் போகவே சீட்டு வேண்டும் என்று சட்டம் செய்தவர்களுக்கு, யுத்தம் வந்ததும் கடல் கடந்து அனுப்ப ஆள் தேவைப்பட்டது! ஆகாதவன் என்ற மாகாணத்திலிருந்து, பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிக ஆள் திரட்டினார்கள். மதுரையிலிருந்து போடிக்குப் போன ரெயில் பாதையின் தண்டவாளத்தையுங்கூட அந்த யுத்தத்தின்போது பெயர்த்தெடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகே பாதை மீண்டும் போடப்பட்டது. ஏலக்காய் ஏற்றிவர வைத்த இரும்பும் பட்டாளத்தில் சேர்ந்தது என்று அக்காலத்தவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கக்கூடும்.

இங்கே நம் தோழர்களில் சிலர் ஆக்ஷேபிப்பார்கள். 'அவர்கள் கூலிக்காக வெள்ளையனின் யுத்தத்தில் சண்டை போட்டவர்கள். அதே 1942-ல் ஆகஸ்டுப் போராட்டத்தில் தடியடி பட்டவர்களையும், நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களையும் விட்டுவிட்டு இவர்களையா கொண்டாடுவது?' என்பார்கள். இந்த ஆக்ஷேபம் இலேசானதன்று. இதே பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டி, சிறை சென்ற தியாகிகளால் பெயர் பெற்ற ஊர். இந்தியாவின் சம்மதமின்றி இந்தியாவை யுத்தத்தில் மாட்டியதைக் கண்டித்து 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன. அது சரியான செயல் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் யுத்தத்தைத் தீர்மானித்தவன் சிப்பாய் அல்லன். மழை பொய்த்த வருஷத்தில் வட்டிக்காரனுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டவனும், கூலிக்காரனாக வாழ்ந்த ஊரில் சட்டை போட்டு நிமிர்ந்து நடக்கப் பட்டாளமே வழி என்று நினைத்தவனும் சாம்ராஜ்யவாதிகள் அல்லர். நேதாஜியின் படையினரையும் நம் சர்க்கார் உடனே அணைத்துக்கொள்ளவில்லை. மத்திய சர்க்காரின் தியாகிகள் பென்ஷன் வந்தது 1972-ல். அப்படையின் முதியவர் நால்வர் குடியரசு தின அணிவகுப்பில் முதன்முதலாக இடம்பெற்றது 2019-ல். ஒருவருக்குச் செய்த தாமதத்தைக் காட்டி மற்றவருக்கும் தாமதிப்பது நீதியாகாது. அன்றியும், இந்தியனிடமிருந்து முக்கால் நூற்றாண்டு பறித்து வைத்திருந்த வித்தையை லிபியாவிலும் பர்மாவிலும் உயிரைக் கொடுத்துக் கற்றவர்கள் இவர்கள். 1947-ல் காஷ்மீரம் தாக்கப்பட்டபோது, சுதந்திர இந்தியாவுக்குப் பீரங்கிப் படை என்று ஒன்று தயாராக இருந்ததற்கு அவர்கள் பட்ட பாடே காரணம்.

தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில், 1914 முதல் 1919 வரை நடந்த முதல் மகாயுத்தத்தின் ஞாபகமாகச் சர்க்கார் பதித்த கற்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். சாவடியிலோ, பழைய கச்சேரிச் சுவரிலோ, பள்ளிக்கூட வாசலிலோ இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள். அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று இங்கிலீஷில் பொறித்திருக்கும். எண் உண்டு, பெயர் இல்லை! ஆட்டு மந்தையை எண்ணுவது போல எண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் யுத்தத்துக்கு அந்தக் கல்லும் எல்லா ஊருக்கும் வரவில்லை.

பெயர்கள் அழிந்துவிடவில்லை என்பதே இதில் விசித்திரம். எகிப்தில் எல் அலமேனில், தம் மத ஆசாரப்படி தகனம் செய்யப்பட்ட 600-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ரங்கூனை அடுத்த தாவுக்யானில், கல்லறை இல்லாமற் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் உள்ளன. அவற்றுள் இந்தியப் பெயர்களுக்குக் கணக்கில்லை. காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷனின் பதிவேட்டில் பல பெயர்களுக்கு எதிரே தகப்பன் பெயரும் ஊரும் ஜில்லாவும் எழுதியிருக்கிறது. பீரங்கிப் படையின் தஸ்தாவேஜுகள் நாசிக்கில் இருக்கின்றன. ஆப்பிரிக்க மணலிலும் பர்மாவிலும் படிக்கக் கிடைக்கும் பெயர், அவன் பிறந்த தெருவில் படிக்கக் கிடைக்கவில்லை.

உயிரோடு திரும்பியவர்களின் நிலை வேறு. யுத்தம் முடிந்ததும் லக்ஷக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருஷம் சேவை செய்தவனுக்கே பென்ஷன் என்பது விதி. நாலு வருஷம் குண்டுமாரியில் நின்றவன் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரு கம்பளியும், சில மெடல்களும், கொஞ்சம் பணமுமாக ஊர் திரும்பி மறுபடி ஏர் பிடித்தான். அவ்விதம் பென்ஷன் அற்றவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் நம் மாநிலச் சர்க்கார் மாத உதவித் தொகை கொடுக்க முன்வந்தது நற்செயல்தான். ஆனால் அதைக் கேட்டுப் பெறக் கையில் டிஸ்சார்ஜ் காகிதம் வேண்டும். ஓலைக் கூரையின் கீழ் எழுபது எண்பது மழைக்காலம் கழிந்த காகிதத்தை எந்த விதவை எடுத்துக் காட்டுவாள்? 1942-ல் பதினெட்டு வயதாயிருந்தவன் இன்று இருந்தால் நூறைக் கடந்திருப்பான். ஆகவே உதவித் தொகையைப் பற்றிப் பேச இனி அதிக காலம் இல்லை. பெயரைப் பற்றிப் பேசவாவது காலம் இருக்கிறது.

ஆதலால் நாம் கேட்பது சிலை அல்ல, மணிமண்டபமும் அல்ல. தேனி ஜில்லாவின் ஒவ்வொரு பஞ்சாயத்தும், தன் ஊரிலிருந்து இரு மகாயுத்தங்களிலும் சேவை செய்தவர்களின் பெயர்களைத் திரட்டட்டும். மாண்டவர் பெயரைக் கல்லறைக் கமிஷனின் பதிவேட்டிலும், மீண்டவர் பெயரைக் குடும்பத்தார் பெட்டியிலுள்ள மெடலின் விளிம்பிலும் தேடலாம். அந்த மெடல்களில் பலவற்றில் படை எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். பழைய வெள்ளியென்று விற்றுவிடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களும் மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஜில்லா அதிகாரிகள் நாசிக்குக்கு ஒரு கடிதமும், சென்னைப் பட்டாளத்தின் தஸ்தாவேஜுகள் இருக்கும் வெலிங்டனுக்கு ஒரு கடிதமும் எழுதினால் வேலை பாதியாகக் குறையும். திரட்டிய பெயர்களைத் தமிழில், தகப்பன் பெயரோடும் தெருவோடும், ஊர்ச் சாவடியில் ஒரு சாதாரணக் கல்லில் எழுதட்டும். எண் பொறித்த பழைய கல் இருக்கும் ஊரில் அதன் பக்கத்திலேயே இதையும் வைக்கலாம். சிறை சென்றவர் பெயர்களும் அதே கல்லில் இருக்கட்டும். ஒரே தெருவில் விளையாடியவர்கள் ஒரே கல்லில் இருப்பதற்கு எவரும் ஆக்ஷேபிக்கமாட்டார்கள். அணையில் மாண்ட தொழிலாளரின் பெயர்களும் எங்கேனும் காகிதத்தில் அகப்பட்டால் லோயர் கேம்ப்பின் மண்டபத்துச் சுவரில் அவற்றுக்கு நிறைய இடம் இருக்கிறது. வேலையைக் கூடலூரிலிருந்து தொடங்கினால், நீர் போகும் வழியே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராக இறங்கி, இரண்டு பொங்கலுக்குள் தேனி வந்து சேரலாம்.